தலைகுனியப் பழக்குவதற்கா நாடகம்?

தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்திலும் போட்ஸ்வானாவிலும் கல்வியைப் பற்றிப் பேசக் கூடுகிறவர்களிடையே ஒரு கருத்து ஏறக்குறைய எதிர்ப்பே இல்லாமல் உலவுகிறது. பிள்ளைகளிடம் மரியாதை போய்விட்டது. பெரியவர் வந்தால் எழுந்திருப்பதில்லை, கண்டால் வணக்கம் சொல்வதில்லை, ஆசிரியரிடம் எதிர்த்துப் பேசுகிறார்கள். நகரமும் தொலைக்காட்சியும் ஆங்கிலமும் சேர்ந்து அவர்களைக் கெடுத்துவிட்டன. ஆகவே தாய்மொழியான செட்சுவானாவின் நாடகங்களை வகுப்பறைக்குக் கொண்டுவந்து, உபுண்டு என்று உலகம் அறிந்திருக்கிற, செட்சுவானாவில் போத்தோ எனப்படுகிற மனிதப் பண்பை அவற்றின் வழியே மறுபடியும் ஊட்ட வேண்டும். ஆசிரியர் கூட்டங்களிலும் ஆய்வேடுகளிலும் வானொலி உரையாடல்களிலும் இதுதான் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். அதனால்தான் இதை மறுத்து எழுதுவது அவசியம் என்று நினைக்கிறேன்.

தாய்மொழி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நாடகத்தைத் தேர்ந்தெடுத்ததும் சரியே. மரியாதை என்பது பெரியவர்களுக்குப் பிள்ளைகள் செலுத்த வேண்டிய வரி, அந்த வரி சில காலமாக வசூலாகவில்லை, நாடகத்தை அனுப்பி அதை வசூலிக்கலாம் என்ற அடிப்படையைத்தான் மறுக்கிறேன். செட்சுவானா நாடகத்தின் முதன்மையான படைப்புகளைத் திறந்து படிக்கிற யாரும் இதை நம்ப முடியாது. அவற்றில் குற்றம் சாட்டப்பட்டு நிற்பது பிள்ளை இல்லை, ஆள்கிறவன்.

எல். டி. ரடிட்லாடி எழுதிய ‘இரண்டாம் மொட்ஸ்வாசெலே’யை எடுத்துக்கொள்வோம். 1945இல் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட நாடகம் இது. செட்சுவானாவில் அச்சேறிய சொந்த நாடகங்களில் இதற்கு நிகரான இடம் வேறொன்றுக்கு இல்லை என்பது என் கணிப்பு. கதை கற்பனையும் இல்லை. மொட்ஸ்வாசெலே பாக்வேனா மக்களின் கோசி, அதாவது பரம்பரைத் தலைவர். குடிகளின் உடைமைகளைப் பறித்தார், தம் கீழிருந்த தலைவர்களின் மனைவியரைத் தமக்கென்று எடுத்துக்கொண்டார். 1820களின் தொடக்கத்தில் அவருடைய சொந்த மக்களே அவரைக் கொன்றார்கள். அவருடைய மகன் செச்செலே பின்னாளில் ஆட்சிக்கு வந்து, டேவிட் லிவிங்ஸ்டனிடம் ஞானஸ்நானம் பெற்றவர். தந்தை கொல்லப்பட்ட கதையை லிவிங்ஸ்டன் 1857இல் வெளியான தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

இப்படியொரு கதையை வைத்துக்கொண்டு பெரியவர்களுக்குக் கீழ்ப்படி என்று எப்படிச் சொல்லிக்கொடுப்பது? சொல்லிக்கொடுக்க முடியாது. கொடுங்கோலனைக் கொன்றுவிடு என்ற பாடமும் இதிலிருந்து கிடைக்காது என்பதுதான் இதன் வலிமை. கொலைக்குப் பிறகு பாக்வேனா மக்கள் பிளவுபட்டார்கள், சிதறினார்கள், மற்றவர்களின் தாக்குதலுக்கு ஆளானார்கள். தலைவன் மக்களை மதிக்கவில்லை, மக்கள் அவனை அழித்தார்கள், அழித்த பிறகு தாங்களும் நிம்மதியாக இருக்கவில்லை. பதினாறு வயதுப் பிள்ளை இதைப் படித்தால் அதன் மனத்தில் எழ வேண்டிய கேள்விகள் எத்தனை! தலைவன் எந்தக் கட்டத்தில் தலைவனாக இருக்கும் உரிமையை இழந்தான்? எச்சரிக்க யாராவது இருந்தார்களா? எச்சரித்தவர்களை அவன் என்ன செய்தான்? கொல்வதைத் தவிர வேறு வழி இருந்ததா? அந்த மனைவியரின் குரலை யாராவது கேட்டார்களா? இவற்றை எல்லாம் ஒதுக்கிவிட்டு, ‘இந்த நாடகத்தால் நாம் அறியும் நீதி யாது’ என்ற ஒரே வினாவைக் கரும்பலகையில் எழுதுவது நாடகத்துக்கும் பிள்ளைக்கும் செய்யும் அநீதி.

ரடிட்லாடி யார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1910இல் செரோவேயில் பிறந்தவர், பாங்வாட்டோ அரச குடும்பத்தின் ஒரு கிளையைச் சேர்ந்தவர். அப்போது அரசப் பிரதிநிதியாக ஆண்டுகொண்டிருந்த ட்ஷெகெடி காமாவோடு மோதல் ஏற்பட்டு, 1937இல் சொந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1959இல் பெச்சுவானாலாந்தின், அதாவது இன்றைய போட்ஸ்வானாவின், முதல் அரசியல் கட்சியைத் தொடங்கியவரும் அவர்தான். தலைவரின் அதிகாரம் எங்கே முடிய வேண்டும் என்ற கேள்வியைத் தம் வாழ்க்கையில் வைத்துச் சுமந்த மனிதர் எழுதிய நாடகம் அது. புதன் கோளின் பெரும் பள்ளம் ஒன்றுக்கு இன்று அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பெருமையைச் சொல்லிக்கொடுக்கும் பாடநூல்கள் அவர் ஏன் ஊரைவிட்டு அனுப்பப்பட்டார் என்பதையும் அதே பக்கத்தில் சொல்ல வேண்டும்.

அவருக்கு முன்னால் சால் பிளாட்ஜே. ஷேக்ஸ்பியரைச் செட்சுவானாவுக்குக் கொண்டுவந்தவர். ‘டிபோஷோபோஷோ’ என்ற பெயரில் அவர் மொழிபெயர்த்த ‘தவறுகளின் நகைச்சுவை’ 1930இல் மோரிஜாவில் அச்சானது. ‘ஜூலியஸ் சீசர்’ அவர் இறந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1937இல் வெளிவந்தது. அது வந்த அதே நூல்வரிசையில்தான் எட்டு ஆண்டுகள் கழித்து ரடிட்லாடியின் நாடகமும் வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று ரோமில், ஒன்று பாக்வேனா நாட்டில். இரண்டிலும் வரம்பு மீறிய, அல்லது மீறுவான் என்று அஞ்சப்பட்ட ஓர் ஆள்பவனை அவனைச் சுற்றி இருந்தவர்களே கொல்கிறார்கள். இரண்டிலும் கொலைக்குப் பின் நாடு அமைதி அடையவில்லை. செட்சுவானா நாடக இலக்கியத்தின் இரு பெரும் தூண்கள் இந்தக் கேள்வியின்மேல் நிற்கின்றன. பணிவைப் பயிற்றுவிக்கும் கருவி என்று இந்த இலக்கியத்துக்கு யார் பெயர் சூட்டியது?

நகைச்சுவை நாடகத்திலும் விஷயம் அதுதான். இரட்டை எசமானர்கள், இரட்டை வேலைக்காரர்கள். ஆள்மாறாட்டக் குழப்பத்தில் எசமானர்கள் தங்கள் தவறுக்கெல்லாம் வேலைக்காரர்களை அடிக்கிறார்கள். பார்ப்பவர் சிரிக்கிறார். ஆனால் 1913ஆம் ஆண்டின் நிலச் சட்டத்தால் தம் மக்கள் வெள்ளையர் பண்ணைகளில் அண்டிப் பிழைப்பவர்களாக ஆக்கப்பட்டதைச் சாலையோரங்களில் நேரில் பார்த்து எழுதியவர் பிளாட்ஜே. அவர் கையால் வந்த ஒரு நாடகத்தில், செய்யாத குற்றத்துக்கு வேலைக்காரன் அடி வாங்கும் காட்சி வெறும் வேடிக்கையாக எப்படி இருக்க முடியும்? இந்தக் காட்சியை நடிக்கும் பிள்ளைகளிடம், அடித்தவன் அடிபட்டவனுக்கு என்ன கடன்பட்டிருக்கிறான் என்று ஒரு முறை கேட்டால் போதும். மரியாதையைப் பற்றிய உண்மையான பாடம் அங்கே தொடங்கிவிடும்.

பிளாட்ஜேயைவிடப் பண்பட்ட மனிதரைக் காட்டுவது கடினம். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணி செய்தவர், 732 செட்சுவானாப் பழமொழிகளைத் திரட்டி 1916இல் நூலாக்கியவர், பேச்சிலும் எழுத்திலும் கண்ணியம் குறையாதவர். அதே மனிதர் 1912இல் தென்னாப்பிரிக்காவில் உருவான தேசிய காங்கிரசின் முதல் செயலாளர். 1914இல் லண்டனுக்குப் போன தூதுக்குழுவில் ஒருவராகப் பேரரசின் முன் வழக்காடினார். மரியாதையும் எதிர்த்துக் கேட்பதும் ஒன்றுக்கொன்று பகை என்று சொல்கிறவர்கள் அவருடைய வாழ்க்கையைப் படிக்க வேண்டும்.

இன்னும் பின்னால் போனாலும் நிலைமை மாறாது. இரவில் பாட்டிமார் சொன்ன கதைகளில் ஜெயிப்பது யார்? முத்லா என்ற முயல். தோற்பது சிங்கம். கோசியைப் புகழ்ந்து பாடும் புகழ்ப்பாடகன் அதே மூச்சில் அவன் குறையையும் சொல்லும் உரிமை பெற்றிருந்தான். கோட்லா எனப்படும் ஊர்மன்றத்தில் கோசி கடைசியாகத்தான் பேசுவார். எல்லாரும் பேசி முடிக்கும்வரை அவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கோட்லாவில் சொல்லப்பட்ட எந்தச் சொல்லும் அழகியதே என்றும், தவறாகப் பேசுகிறவனுக்கும் பேச இடம் உண்டு என்றும் பழமொழிகள் இந்த வழக்கத்தைக் காத்தன. ஆளுக்குமுன் ஆள் நின்று, கேட்டு, மறுத்து, முடிவுக்கு வருவது அங்கே மரபு. செட்சுவானா நாடகத்துக்கு உள்ளூர் வேர் தேடுகிறவர்கள் தேட வேண்டிய இடம் இந்த மன்றம்.

மரபை இப்படிப் புகழும்போதே அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நானும் பொய் சொன்னவனாவேன். பெண்கள் நெடுங்காலம் கோட்லாவில் பேச அனுமதிக்கப்படவில்லை. கால்நடை மேய்த்தும் வீட்டு வேலை செய்தும் பரம்பரை பரம்பரையாக அடிமைபோல் வாழ்ந்த பாசார்வா மக்களுக்கு அங்கே இடமில்லை. இளைஞர்கள் ஓரத்தில் இருந்தார்கள். போத்தோ எல்லாருக்குமானது என்று முழங்கிய சமூகம் யாரை எல்லாம் மனிதர் கணக்கில் சேர்த்தது என்பது வலி தரும் கேள்வி. மொசாடி செபோகோ என்ற பெண் 2003இல் பாலெட்டே மக்களின் கோசியாகப் பதவி ஏற்றபோது அது நாடே பேசிய செய்தியானது. தகப்பன் வீடு மகளுக்கும் சேரும் என்பதை நிலைநாட்ட எடித் முசி என்ற முதிய பெண் நீதிமன்றப் படிகள் ஏற வேண்டியிருந்தது. 2013இல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் இறுதியாகத் தீர்ப்பளித்தது. மரபை மதிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று சொல்கிறவர்கள், அந்த மரபை எதிர்த்து வழக்காடிய இந்த மூதாட்டியை மரியாதை தெரியாதவர் என்பார்களா? அவரைப் பற்றி ஒரு நாடகம் பள்ளியில் நடிக்கப்படட்டும். கோட்லாவில் பேச முடியாமல் போனவர்கள் மேடையில் பேசட்டும். நாடகம் இருப்பதே அதற்காகத்தான்.

இந்த ‘மரியாதைப் பாடம்’ எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1951ஆம் ஆண்டின் பாண்டு அதிகாரச் சட்டம் பரம்பரைத் தலைவர்களை நிறவெறி அரசின் சம்பளக்காரர்களாக மாற்றியது. 1953ஆம் ஆண்டின் பாண்டு கல்விச் சட்டம் கறுப்பினப் பிள்ளைகள் என்ன படிக்கலாம் என்று வரையறுத்தது. ஆப்பிரிக்க மொழிகளில் புத்தகம் எழுதினால் வாங்கக்கூடிய ஒரே சந்தை பள்ளிக்கூடம் என்றானது. எது பாடமாகலாம் என்பதை மொழி வாரியங்கள் முடிவு செய்தன. அரசியலைத் தொடாத, நகரத்துக்குப் போய்க் கெட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பும் மகனைப் பற்றிய, பெற்றோர் சொல் மீறிய மகளின் கேட்டைச் சொல்கிற எழுத்துக்கே அந்த வாசலில் எளிதாக இடம் கிடைத்தது. நாடகத்தின் முடிவில் நீதி தேடும் பழக்கம் செட்சுவானாவின் ஆதி மரபு என்று பலர் நம்புகிறார்கள். அதில் பெரும்பகுதி இந்தத் தணிக்கையின் எச்சம் என்பதுதான் என் முடிவு.

அடுத்து போபுதட்ஸ்வானா. 1977 டிசம்பரில் தென்னாப்பிரிக்க அரசு விடுதலை என்று அறிவித்த, உலகில் வேறெந்த நாடும் ஏற்காத அந்தத் துண்டு நாட்டின் அதிபர் லூகாஸ் மங்கோப்பே. ஆசிரியராக இருந்தவர், பரம்பரைத் தலைவர். செட்சுவானாப் பண்பாடு, முன்னோர் வழி, பெரியோர் மரியாதை என்பவை அவருடைய ஆட்சியின் அன்றாட மொழியாக இருந்தன. கலை மையங்கள் கட்டப்பட்டன, நாடகமும் நடனமும் பயிற்றுவிக்கப்பட்டன. அதே ஆட்சி, விண்டர்வெல்டில் குடியிருந்த செட்சுவானா அல்லாத மக்களைக் குடியுரிமை இல்லாதவர்களாக்கிக் காவல்துறையைக் கொண்டு துன்புறுத்தியது. 1994 மார்ச்சில் மக்கள் வீதிக்கு வந்தபோது அந்த ஆட்சி சில நாட்களில் சரிந்தது. பண்பாட்டின் பெயரால் மரியாதை கேட்ட ஆட்சி அண்டை வீட்டுக்காரனை மனிதனாகக் கருதவில்லை. இந்த நினைவு இன்னும் ஆறாத மாகாணத்தில் நின்றுகொண்டு, பண்பாட்டின் வழியாகப் பிள்ளைகளுக்கு மரியாதை கற்பிப்போம் என்று சொல்கிறவர்கள் எவ்வளவு கவனமாகப் பேச வேண்டும்!

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தைத் தவிர்க்க நான் விரும்பவில்லை. பள்ளிகளில் கத்திக்குத்து நடக்கிறது. சிறுமிகள் மாணவர்களாலும் ஆசிரியர்களாலும் சீரழிக்கப்படுகிறார்கள். முதியவர்கள் கைவிடப்படுகிறார்கள். இந்த நிலையில் அடிப்படை மரியாதையையாவது கற்பிக்க வேண்டாமா, வாதம் செய்யப் பழக்குவதா முக்கியம் என்று ஓர் ஆசிரியர் கேட்டால் அந்தக் கேள்வியின் பின்னால் உண்மையான துயரம் இருக்கிறது. ஆனால் அந்தத் துயரத்தின் காரணத்தைப் பிள்ளையின் மனத்தில் தேடுவது பிழை. நூறாண்டுகளுக்கு மேலாக விட்வாட்டர்ஸ்ராண்டின் தங்கச் சுரங்கங்கள் செட்சுவானா பேசும் ஊர்களிலிருந்து ஆண்களை உறிஞ்சி எடுத்தன. தகப்பனைப் பார்க்காமல் வளர்ந்த தலைமுறைகள் அவை. நிலம் பறிபோனது. பிறகு எய்ட்ஸ் வந்து நடுத்தலைமுறையைக் கொண்டுபோனது, பாட்டிகள் பேரக்குழந்தைகளைச் சுமந்தார்கள். இவற்றுக்கு எல்லாம் பெயர் ‘இளையோர் மரியாதை இழந்தார்கள்’ என்பதா? தன்னைச் சீரழித்த ஆசிரியருக்கு எதிராக வாய் திறக்க ஒரு சிறுமிக்குத் தெம்பு வேண்டும். பெரியவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை என்று பழக்கப்பட்ட பிள்ளைக்கு அந்தத் தெம்பு வராது. பணிவுப் பாடம் அவளைக் காக்கவில்லை, அவளைத் தனியாக நிறுத்தியது.

நாடகத்தைச் செய்தி சொல்லும் கருவியாக்கிப் பார்த்த அனுபவமும் இந்த மண்ணுக்கே உண்டு. 1974இல் போட்ஸ்வானாவின் வடகிழக்கில், பொகலகா பகுதியில், ‘லயெட்சா பட்டனானி’ என்ற முயற்சி தொடங்கியது. ஆப்பிரிக்காவில் வளர்ச்சிக்கான நாடகம் என்ற இயக்கத்துக்கே அது முன்னோடி என்று போற்றப்படுகிறது. நடிகர்களும் களப்பணியாளர்களும் ஊர் ஊராகப் போய் நாடகம், பாட்டு, பொம்மலாட்டம் நடத்தி, பிறகு மக்களோடு உட்கார்ந்து பேசினார்கள். பெரிய காரியம். ஆனால் அதை முன்னின்று நடத்திய ராஸ் கிட்டும் மார்ட்டின் பைரமும் பின்னர் தங்கள் வேலையையே கடுமையாக விமரிசித்தார்கள். சிக்கல் எது என்பதை மேலே இருப்பவர்கள் தீர்மானித்தார்கள், மக்களின் பழக்கவழக்கம்தான் கோளாறு என்று நாடகம் சொன்னது, வறுமையை உண்டாக்கும் அதிகாரத்தைத் தொடவில்லை என்று எழுதினார்கள். மரியாதைப் பாடம் நடத்த நாடகம் தேடுகிறவர்கள் இந்த விமரிசனத்தை அரை நூற்றாண்டு கழித்தும் படிக்காமல் அதே பள்ளத்தில் இறங்குகிறார்கள்.

இதற்கு நேர்மாறாக 2001இல் தொடங்கிய ‘மகபனெங்’ என்ற செட்சுவானா வானொலித் தொடரைச் சொல்வேன். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் நோக்கத்தோடு எழுதப்பட்டதுதான். ஆனால் அதன் எழுத்தாளர்கள் நல்லவன், கெட்டவன் என்ற இரண்டு பேரோடு நிற்காமல், தடுமாறுகிற, தவறி மறுபடி எழுகிற பாத்திரங்களை நடுவில் வைத்தார்கள். கேட்கிறவர் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இல்லை, தடுமாறுகிறவரோடு சேர்ந்து யோசிக்கும் இடத்தில் இருந்தார். நோக்கம் இருந்தும் நாடகம் நாடகமாகவே நிற்க முடியும் என்பதற்கு அது சான்று.

போத்தோ என்றால் என்ன என்பதே முடிந்துபோன விஷயம் இல்லை என்பதை இரண்டு நாடுகளே காட்டுகின்றன. போட்ஸ்வானா தன் 2016ஆம் ஆண்டுக்கான தொலைநோக்குத் திட்டத்தில் போத்தோவை ஐந்தாவது தேசியக் கொள்கையாக அறிவித்தது. அந்த நாடு தூக்குத் தண்டனையைக் கைவிடாமல் நிறைவேற்றி வந்த நாடு. எல்லைக்கு இப்பால், 1995 ஜூன் 6 அன்று தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகளும் ஒருமனதாக மரண தண்டனையை நீக்கினார்கள். அந்தத் தீர்ப்பில் உபுண்டுவை விரிவாக எடுத்தெழுதியவர்களில் ஒருவர் யுவோன் மொகோரோ. பிளாட்ஜே வாழ்ந்து அடக்கமான கிம்பர்லியில், காலெஷேவே குடியிருப்பில் பிறந்தவர். கொலை செய்தவனும் மனிதன்தான் என்று ஒரு நாடு அந்தப் பண்பிலிருந்து முடிவு கண்டது, மற்றது காணவில்லை. இரண்டில் எது போத்தோ? பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் இதை நாடகமாக்கி, நீதிபதியாகவும் கைதியாகவும் கொல்லப்பட்டவனின் தாயாகவும் நின்று பேசினால் எத்தனை ஆழமாகக் கற்பார்கள்! தென்னாப்பிரிக்கக் கல்வித்துறை 2001இல் வெளியிட்ட விழுமியங்கள் பற்றிய அறிக்கையில் மரியாதையும் உபுண்டுவும் மட்டும் இல்லை. சமத்துவமும் பொறுப்புக்கூறலும் திறந்த சமூகமும் அதே பட்டியலில் இருக்கின்றன. ஆசிரியர் கூட்டங்கள் அந்தப் பட்டியலிலிருந்து தங்களுக்கு வசதியானதை மட்டும் எடுத்துக்கொள்வது ஏன்?

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. 1966இல் விடுதலை பெற்ற பிறகு போட்ஸ்வானாவின் பள்ளிகளில் பல பத்தாண்டுகள் செட்சுவானாவுக்கும் ஆங்கிலத்துக்கும் மட்டுமே இடம். கலங்கா, நாரோ, யெய் மொழிகள் பேசும் பிள்ளைகள் தங்கள் மொழியை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். அண்மை ஆண்டுகளில்தான் இந்த நிலை மெல்ல மாறத் தொடங்கியிருக்கிறது. நாரோ பேசும் ஒரு சிறுமியைச் செட்சுவானா நாடகம் நடிக்கவைத்து, இதோ உனக்கு மரியாதை கற்பிக்கிறோம் என்று சொல்லும்போது, அவள் மொழிக்கு யார் மரியாதை செய்தார்கள் என்று அவள் கேட்க உரிமை உண்டு. பிளாட்ஜே செட்சுவானாவுக்காக ஷேக்ஸ்பியரோடு போராடியது தம் மொழி எந்த மொழிக்கும் தாழ்ந்ததில்லை என்று காட்டத்தான். அந்த உரிமையை அண்டை மொழிக்கு மறுப்பவர் அவருடைய வாரிசு ஆக முடியாது.

நாடகம் மரியாதையைக் கற்பிக்காது என்று நான் சொல்லவில்லை. அது ஒத்திகையில் கற்பிக்கிறது. எதிரே நிற்பவர் பேசி முடிக்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும், அவர் சொன்னதைக் கேட்டால்தான் உங்கள் பதில் உயிரோடு வரும். முதல்நாள் மொட்ஸ்வாசெலேயாக நடித்த பையன் மறுநாள் மனைவியை இழந்த குடிமகனாக நடிக்கட்டும். தன் வாயால் கட்டளையிட்டவன் அந்தக் கட்டளையைத் தன் முதுகில் வாங்கட்டும். கோசியாக ஒரு பெண் நடிக்கட்டும், ஆசிரியர் குடியாக நின்று அவள் முன் கைகட்டிப் பேசட்டும். பிறகு வகுப்பே கோட்லாவாக உட்கார்ந்து, கடைசியாகத்தான் ஆசிரியர் பேச வேண்டும் என்ற விதியோடு விவாதிக்கட்டும். தேர்வில் ‘நீதி யாது’ என்பதற்குப் பதிலாக, மொட்ஸ்வாசெலேக்கு ஆதரவாக உன்னால் வாதாட முடியுமா என்று கேட்கட்டும்.

அதற்கு முன்னால் ஒன்று நடந்தாக வேண்டும். தென்னாப்பிரிக்கா 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் பள்ளிகளில் உடல்தண்டனையைத் தடை செய்துவிட்டது, ஆனாலும் பல வகுப்பறைகளில் அடி நிற்கவில்லை. போட்ஸ்வானாவின் சட்டமோ பள்ளியில் பிரம்படியை அனுமதித்தே வந்திருக்கிறது. செய்யாத தவறுக்கு அடி வாங்கும் வேலைக்காரனின் காட்சியை, பிரம்பு மேசைமேல் கிடக்கும் அறையில் பிள்ளைகள் நடிக்க முடியாது. நாடகத்தால் போத்தோவை வளர்ப்போம் என்று அறிக்கை எழுதும் போட்ஸ்வானா அமைச்சகம் எந்த நாடகத்தைப் பாடமாக்குவது என்று முடிவு செய்வதற்கு முன் அந்தச் சட்டத்தைத் திருத்தட்டும், எல்லைக்கு இப்பால் உள்ள தென்னாப்பிரிக்க அமைச்சகம் தன் சட்டத்தை வகுப்பறை வரை கொண்டுபோகட்டும்.